ஆபீஸ் முழுக்க லினக்ஸ் போடப் போறீங்களா? முதல்ல இந்த தப்பெல்லாம் பண்ணாம இருங்க

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட நிறுத்துச்சு இல்ல, அதுல இருந்து எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "தம்பி, ஆபீஸ்ல பன்னெண்டு சிஸ்டம் இருக்கு, எதுலயும் விண்டோஸ் 11 ஏறாதாம், டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப் இல்லையாம், பிராசசர் பழசாம், லினக்ஸ் போட்டுட்டா காசே ஆகாதுன்னு பையன் சொல்றான், போட்டுரலாமா?"

போடலாங்க. விண்டோஸுக்குப் பதிலா கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர்தான் லினக்ஸ். நானே பதினஞ்சு வருஷமா லினக்ஸ்லதான் இருக்கேன், சின்ன சின்ன ஆபீஸ்களுக்கு மாத்திக் கொடுக்குறதுதான் என் பொழப்பே. ஆனா மாத்துன எடத்துல பாதி ஆறு மாசத்துல திரும்ப விண்டோஸுக்கே ஓடிருக்கு, அதுல ஒண்ணுல கூட லினக்ஸ் சரியா ஓடலைங்கறது காரணமா இருந்ததில்ல. மாத்துன விதம்தான் தப்பு. என் கையாலயே பண்ண தப்பும் இதுல இருக்கு, அதையும் சொல்றேன்.

முதல் தப்பு அந்த "காசே ஆகாது"ங்கறது. இங்கிலீஷ்ல ஃப்ரீன்னு ஒரே வார்த்தையில இலவசமும் சுதந்திரமும் சேந்து வந்து குழப்பும், தமிழ்ல நமக்கு கட்டற்ற மென்பொருள்னு தனியா நல்ல வார்த்தையே இருக்கு, இருந்தும் நம்ம முதலாளிங்க காதுல இலவசம்னு மட்டும்தான் விழும். லைசன்ஸ் காசு மிச்சமாகும், சரி. ஆனா ஆளுங்களுக்கு சொல்லிக் கொடுக்கணும், முதல் ரெண்டு மாசம் வேலை மெதுவாத்தான் நடக்கும், பிரச்சினைன்னா கூப்பிட ஒரு ஆள் வேணும், அவருக்கு ஏ.எம்.சின்னு வருஷ பராமரிப்புக் காசு கொடுக்கணும். இதெல்லாம் பட்ஜெட்ல எழுதாம "ஜீரோ"ன்னு போட்டுட்டு ஆரம்பிச்சா மூணாவது மாசம் சண்டை வரும். இன்னொண்ணும் இருக்கு, நாம ஓசில எடுத்து ஓட்டுற சாஃப்ட்வேர யாரோ ஒருத்தர் உக்காந்து எழுதிட்டு இருக்காரு. 2014-ல ஓபன்எஸ்எஸ்எல்னு இன்டர்நெட்ல போற தகவல பூட்டி அனுப்புற சாஃப்ட்வேர்ல ஹார்ட்பிளீட்னு ஒரு ஓட்டை வெளிய வந்தப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சுது, பாதி இன்டர்நெட் நம்பி இருந்த அந்த ப்ராஜெக்ட்டுக்கு வருஷத்துக்கு டொனேஷனா வந்துட்டு இருந்தது சுமார் 2000 டாலர்தான்னு. நம்ம ஊர் கம்பெனிகள்ல, ஷேர் டிரேடிங் நடத்துற ஜீரோதா 2024-ல வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் இந்த மாதிரி ப்ராஜெக்ட்டுகளுக்குன்னே ஒதுக்குறோம்னு அறிவிச்சாங்க. உங்கள அவ்ளோ கொடுக்க சொல்லல, மிச்சம் பண்ண லைசன்ஸ் காசுல ஒரு ஆயிரம் ரூபா, வேர்ட் எக்செலுக்குப் பதிலா யூஸ் பண்ற லிப்ரெஆபீஸுக்கு அனுப்புனா ஒண்ணும் கொறஞ்சு போயிடாது.

ரெண்டாவதுதான் பெரிய தப்பு, இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன். எல்லாரும் "எந்த லினக்ஸ் போடலாம்"னுதான் ஆரம்பிக்கிறாங்க. அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, ஒவ்வொரு ஆளும் காலையில வந்து உக்காந்ததுல இருந்து சாயங்காலம் வரைக்கும் எதெதத் தொறக்குறாங்கங்கறது. ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் அரை நாள் உக்காந்து பாருங்க, அவங்க சொல்றத எழுதாதீங்க, பண்றத எழுதுங்க.

எனக்கு இது எப்படி தெரிஞ்சதுன்னா, திருப்பூர் பக்கம் ஒரு பனியன் ஆபீஸ். ஓனர் அவசரப்பட்டாரு, நானும் ஆர்வக்கோளாறுல ஒரே சனிக்கிழமை ராத்திரில ஒம்பது சிஸ்டத்தயும் உபுண்டுங்கற லினக்ஸுக்கு மாத்திட்டேன். திங்கக்கிழமை காலையில அக்கவுண்ட்ஸ் பாக்குற அக்கா கூப்டாங்க, "ஏனுங் தம்பி, டேலி எங்கீங்?" டேலிக்கு லினக்ஸ்ல தனி வெர்ஷன் கிடையாது, விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட வைக்கிற வைன்னு ஒரு சாஃப்ட்வேர் மூலமா ஓட்டலாம்னு நான் நெனச்சு வச்சிருந்தேன், தொறந்துச்சு, என்ட்ரியும் போட முடிஞ்சுது, பிரின்ட் கொடுத்தா மட்டும் உக்காந்துக்கும். அதோட விட்டுச்சா, அன்னிக்கு தேதி 18, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட 20-தான் கடைசி, டிஜிட்டல் கையெழுத்து இருக்குற டிஎஸ்சி டோக்கன குத்துனா சிஸ்டம் அதக் கண்டுக்கவே இல்ல. அப்புறம் பிரின்டர். கேனன் எல்பிபி 2900, நம்ம ஊர்ல எந்த ஆபீஸ்ல பாத்தாலும் ஒண்ணு இருக்கும், ஒழைக்கிறதுல மாடு மாதிரி, ஆனா அது கேனனோட சொந்த மொழி பேசுற பிரின்டர், அந்த டிரைவர லினக்ஸ்ல ஏத்தி ஓட வைக்கறதுக்குள்ள ஒரு நாள் போச்சு. கடைசில 19-ஆம் தேதி ராத்திரி என் வீட்டு விண்டோஸ் லேப்டாப்ப தூக்கிட்டுப் போய் அக்கா டேபிள்ல வச்சுட்டு வந்தேன். அந்தக்கா இன்னும் என்ன பாத்தா சிரிப்பாங்க.

அதனால இப்பல்லாம் லிஸ்ட்ல இந்த அயிட்டம் ஒண்ணொண்ணா கேட்டுட்டுதான் கை வைப்பேன்: கணக்கு சாஃப்ட்வேர் எது, டிஎஸ்சி எந்த கம்பெனி டோக்கன், அதுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கா, பிரின்டர் ஸ்கேனர் மாடல் என்ன, பார்கோடு பிரின்டர் இருக்கா, அட்டென்டன்ஸ் மிஷினோட சாஃப்ட்வேர் எதுல ஓடுது, எக்செல்ல மேக்ரோ, அதாவது வேலைய தானா செய்ய எழுதி வச்ச சின்ன ப்ரோக்ராம், போட்ட ஷீட் எத்தன. இந்த மேக்ரோ விஷயம் ஏமாத்திரும், லிப்ரெஆபீஸ் கால்க் எக்செல் ஃபைல நல்லாவே தொறக்கும், ஆனா மைக்ரோசாஃப்ட்டோட விபிஏ மொழில எழுதுன மேக்ரோ எல்லாமே ஓடும்னு சொல்ல முடியாது, சம்பள ஷீட்டு பூரா மேக்ரோவுலதான் ஓடும்னு ஒரு ஆபீஸ்ல மாச கடைசிலதான் எனக்கு தெரிஞ்சுது. ரசீது அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இதுக்கு நேர் எதிர், எல்லாரும் பயப்படுவாங்க, பெரும்பாலும் எப்சன் டிரைவர் எதையாவது கொடுத்தா கம்முனு ஓடும்.

"டேலிய தூக்கிட்டு ஈஆர்பிநெக்ஸ்ட் போட்டா போச்சு"ன்னு சில பசங்க சொல்வாங்க. நல்ல கட்டற்ற கணக்கு சாஃப்ட்வேர்தான், மும்பைல ஃப்ராப்பே கம்பெனி பண்றது, ஜிஎஸ்டியும் வருது. ஆனா உங்க ஆடிட்டர் மார்ச் முடிஞ்சா டேலி டேட்டா கொடுங்கன்னுதான் கேப்பாரு, அவர்கிட்ட பேசாம கணக்க மாத்துறது தண்ணி எவ்ளோ ஆழம்னு பாக்காம கெணத்துல குதிக்கிற மாதிரி. அப்புறம் ஒரு விண்டோஸ் சிஸ்டத்துல டேலி போட்டுட்டு லினக்ஸ்ல இருந்து நாலு பேர் ரிமோட்ல ஏறிக்கலாம்னு ஒரு ஐடியா வரும். சாதா விண்டோஸ்ல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான், நாலு பேர் வேணும்னா விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு ரிமோட் லைசன்ஸும் வாங்கணும், அத உடைக்கிற பேட்ச் போட்டா ஒரிஜினல் போடணும்னுதானே லினக்ஸுக்கு வந்தீங்க, திரும்ப கிராக்குக்கே போறீங்க. ஒரே ஒரு சிஸ்டம் விண்டோஸாவே இருக்கட்டும், ஒண்ணும் தீட்டு கிடையாது. பழைய சிஸ்டம்னா விண்டோஸ் 10-க்கே காசு கட்டி செக்யூரிட்டி அப்டேட் வாங்கலாம், கம்பெனிங்களுக்கு முதல் வருஷம் சிஸ்டத்துக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் டபுள் டபுளா ஏறும், மூணு வருஷத்தோட சரி. ஒரு சிஸ்டத்துக்கு மட்டும்னா கட்டிட்டுப் போலாம்.

தமிழ் டைப்பிங்க யாருமே யோசிக்கறதில்ல. நோட்டீஸ், லெட்டர்னு பாமினிலயும் வானவில்லயும் அடிச்சு வச்ச ஃபைல் நூறு கணக்குல இருக்கும், ஃபான்ட்ட லினக்ஸ்ல ஏத்திட்டா படிக்க வரும், ஆனா டைப் அடிக்கிறவங்க கை என்எச்எம் ரைட்டர், அழகின்னு பழகிருக்கும், அதெல்லாம் விண்டோஸ் சாஃப்ட்வேர். லினக்ஸ்ல ஐபஸ்னு ஒண்ணு இருக்கு, தமிழ்99, ஃபொனடிக் ரெண்டும் வரும், எந்த சிஸ்டத்துலயும் தெரியற யூனிகோட்ல அடிக்கும். அத செட் பண்ணிக் கொடுத்து ஒரு வாரம் பழக விடணும். விடாம போனா அவங்க பேப்பர்ல எழுதி பக்கத்து டிடிபி கடையில கொடுத்து அடிச்சுட்டு வருவாங்க, நான் பொய் சொல்லல, பாத்திருக்கேன்.

பழக விடுறதுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2011-ல இருந்து தமிழ்நாட்டுல ஸ்கூல் காலேஜ் பசங்களுக்கு கவர்மென்ட் லேப்டாப் கொடுத்தாங்க இல்ல, அதுல விண்டோஸோட சேத்து மத்திய அரசு நிறுவனம் சி-டாக் பண்ண பாஸ்ங்கற லினக்ஸும் இருந்துச்சு. நான் அப்ப வேலை பாத்த கடைக்கு வந்த லேப்டாப்ல பாதிக்கு மேல "அண்ணா, அந்த இன்னொண்ண அழிச்சு டிரைவ்ல எடம் பண்ணிக் கொடுங்க"ன்னுதான் வரும். சாஃப்ட்வேர் மேல தப்பே இல்ல, இது எதுக்குன்னு அந்த பசங்ககிட்ட உக்காந்து சொன்ன ஆள் இல்ல. ஆபீஸ்லயும் அதேதான் நடக்கும். ஸ்டாஃப்ங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மாத்துனா, அடுத்த மாசம் பவர் கட்ல சிஸ்டம் ஆஃப் ஆனா கூட பழி லினக்ஸ் மேலதான்.

மேலிடத்துல ஒரு ஆள் ஆதரவா இருக்காருன்னு மட்டும் நம்பி எறங்குறதும் தப்பு. ஜெர்மனில மியூனிக் நகராட்சி கதை தெரியும்ல. 2003-ல லினக்ஸுக்கு மாறுறதுன்னு முடிவு பண்ணாங்க, அதத் தடுக்க மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மரே ஸ்விஸ்ல லீவுல இருந்தவர் பாதில கெளம்பி வந்து மேயர் கிறிஸ்டியன் ஊடேவப் பாத்தாரு, அப்பவும் அவர் மசியல. லிமக்ஸ்னு பேர் வச்சு அவசரப்படாம பத்து வருஷம் எடுத்து 2013 வாக்குல கிட்டத்தட்ட 15,000 சிஸ்டத்த மாத்துனாங்க, லெட்டர் டெம்ப்ளேட்டுக்குன்னு வொல்மக்ஸ்னு தனி சாஃப்ட்வேரே எழுதுனாங்க. 2014-ல மேயர் மாறுனாரு, 2016-ல மைக்ரோசாஃப்ட்டோட ஜெர்மன் தலைமை ஆபீஸ் மியூனிக் நகரத்துக்குள்ளயே வந்துச்சு, 2017-ல கவுன்சில்ல ஓட்டு போட்டு திரும்ப விண்டோஸுக்குன்னு முடிவு. அரசியல்னு சொல்றவங்க உண்டு, ஐடி நிர்வாகமே துண்டு துண்டா கெடந்துச்சு, அந்தப் பழிய லினக்ஸ் பேர்ல எழுதிட்டாங்கன்னு சொல்றவங்களும் உண்டு, எனக்கு ரெண்டும்தான்னு தோணுது. உங்க ஆபீஸ்ல மேயர் யாருன்னா ஓனரோட பையன். அவன் காலேஜ் முடிச்சு பெங்களூர் போயிட்டான்னா சர்வர் பாஸ்வேர்டும் அவன் கூடவே பஸ் ஏறிடும். எழுதி வைக்க சொல்லுங்க, இன்னொரு ஆளுக்கும் சொல்லிக் கொடுக்க சொல்லுங்க.

அந்த பையன்தான் எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ்ல எந்த வகைங்கறதையும் தேர்ந்தெடுப்பான், அவனுக்கு புடிச்ச ஆர்ச் லினக்ஸ ஆபீஸ்ல போடுவான். வேணாம். வாராவாரம் புதுசு வர்றது வீட்டுல வச்சு வெளையாட நல்லாருக்கும், ஆபீஸுக்கு போர் அடிக்கிற லினக்ஸ்தான் வேணும். உபுண்டுன்னா எல்டிஎஸ்ங்கற நீண்ட நாள் சப்போர்ட் வெர்ஷன் மட்டும், ரெட்டைப்படை வருஷம் ஏப்ரல்ல வர்றது, அஞ்சு வருஷம் அப்டேட் வரும், மத்ததுக்கு ஒம்பதே மாசம். டெபியன், மின்ட் ஏதாவதும் ஓகே. சர்வர்னா யாரு பின்னாடி இருக்காங்கன்னும் பாக்கணும்: ரெட் ஹேட் கம்பெனி பின்னாடி இருந்த சென்ட்ஓஎஸ் 8-ங்கற சர்வர் லினக்ஸ் போட்டவங்க 2029 வரைக்கும் கவலையில்லன்னு இருந்தாங்க, 2020 டிசம்பர்ல திடீர்னு 2021 கடைசியோட முடிஞ்சுதுன்னு ரெட் ஹேட் சொல்லிருச்சு. ஆனா அங்கதான் கட்டற்ற மென்பொருளோட அருமையும் தெரிஞ்சுது, கோடு எல்லாருக்கும் தொறந்து இருந்ததால கொஞ்ச மாசத்துலயே ராக்கி, அல்மான்னு ரெண்டு மாத்து வந்துருச்சு. மூடுன சாஃப்ட்வேர்னா கம்பெனி கைவிட்டா விட்டதுதான்.

"லினக்ஸ்ல வைரஸ் வராது"ங்கறவங்களுக்கு ரெண்டு கதை, ரெண்டுலயும் வைரஸே இல்ல, கவனக்குறைவுதான். 2017 ஜனவரில மோங்கோடிபி டேட்டாபேஸ் ஆயிரக்கணக்குல அழிஞ்சுது, காசு கொடுத்தாதான் திருப்பித் தருவோம்னு மெசேஜ் மட்டும் இருந்துச்சு. ஹேக்கிங்லாம் பெருசா ஒண்ணுமில்ல, பாஸ்வேர்டே போடாம இன்டர்நெட்ல தொறந்து வச்சிருந்தாங்க. அதே மாசக் கடைசில, ப்ரோக்ராம் எழுதுறவங்க கோட சேமிச்சு வைக்கிற கிட்லேப் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாவ அழிச்சுட்டாரு, அஞ்சு விதமா பேக்கப் வச்சிருந்தாங்க, அவசரத்துக்கு ஒண்ணும் சரியா கை கொடுக்கல, யாரோ ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வச்ச காப்பிதான் காப்பாத்துச்சு. அவங்களுக்கே அப்படின்னா, உங்க ஆபீஸ்ல டேலி டேட்டாவ பென்டிரைவ்ல காப்பி பண்ணி அதே டேபிள் டிராயர்ல வைக்கறதுக்கு பேரு பேக்கப் இல்லீங்க. மாசம் ஒரு தடவ வேற சிஸ்டத்துல ரீஸ்டோர் பண்ணிப் பாத்தாதான் அது பேக்கப்.

லைசன்ஸ் பத்தி ரெண்டு வரி. ஆபீஸுக்குள்ள மட்டும் யூஸ் பண்ணா லினக்ஸோட லைசன்ஸான ஜிபிஎல் உங்கள ஒண்ணும் கேக்காது. அத மாத்தி எழுதி கஸ்டமருக்கு விக்கிறீங்கன்னா சோர்ஸ் கோடும், அதாவது எழுதுன மூல ப்ரோக்ராமும், கொடுக்கணும், லிங்க்சிஸ் ரவுட்டர் விஷயத்துல அத வித்த சிஸ்கோ கம்பெனி மேல இதுக்காக 2008-ல கேஸே போட்டாங்க. சாஃப்ட்வேர் விக்கிற கம்பெனிங்க இத வக்கீல்கிட்ட கேட்டுக்கறது நல்லது, பனியன் விக்கிறவங்க தூங்கலாம்.

அந்த திருப்பூர் ஆபீஸ் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ரெண்டாவது தடவ ஒழுங்கா பண்ணேன், முதல்ல விண்டோஸ்லயே லிப்ரெஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் போட்டு மூணு மாசம் ஓட விட்டேன், கை பழகுன அப்புறம் மாசத்துக்கு ரெண்டு சிஸ்டமா அடியில இருந்த விண்டோஸ லினக்ஸா மாத்துனேன், பாதி பேருக்கு மாறுனதே தெரியல. அக்கவுண்ட்ஸ் அக்கா சிஸ்டமும், எம்ப்ராய்டரி டிசைன் பாக்குற சிஸ்டமும் இன்னும் விண்டோஸ்தான். ஓனர் மட்டும் வர்றவங்க கிட்டல்லாம் "நாங்க ஃபுல்லா லினக்ஸுங்க"ன்னு சொல்லிட்டு இருக்காரு, அக்கா பின்னாடி உக்காந்து சிரிச்சுட்டு இருக்காங்க.