பிடித்த சூப்பர் ஹீரோவைப் பற்றி ஒரு பத்தி: குழந்தைகளை எழுத வைப்பது எப்படி?

ஏழெட்டு வயதுக் குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்து, ‘உனக்குப் பிடித்த சூப்பர் ஹீரோவைப் பற்றி எழுது’ என்று சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் எழுதித் தரும்:

‘எனக்கு ஸ்பைடர்மேன் பிடிக்கும். அவர் நல்லவர். அவருக்கு நிறைய சக்தி இருக்கிறது. அவர் சிவப்பு உடை போட்டிருப்பார். அவர் கெட்டவர்களை அடிப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.’

பிழை எதுவும் இல்லை. ஆனால் ஸ்பைடர்மேன் என்பதை அடித்துவிட்டு அயர்ன்மேன் என்று எழுதிப் பாருங்கள். வேறு ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. அந்தக் குழந்தைக்கு ஸ்பைடர்மேனைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரியும். தாளில் அதில் ஒரு துளிகூட இறங்கவில்லை.

தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்தத் தலைப்பின் மீது தனி மதிப்பு உண்டு. ‘பசு’ என்றோ ‘மழைக்காலம்’ என்றோ எழுதச் சொன்னால் குழந்தை விஷயத்தைத் தேட வேண்டும். சூப்பர் ஹீரோ விஷயத்தில் அது ஆசிரியரைவிட அதிகம் அறிந்திருக்கிறது. ஆகவே விஷயம் கொடுக்கும் வேலை நமக்கு இல்லை. தெரிந்த நூறு செய்திகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்று மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும். ஒரு பத்தி என்றால் ஒரே ஒரு காரணம். பிடிப்பதற்கு ஏழு காரணங்கள் இருந்தாலும் இன்று ஒன்றுதான்.

முதல் நாள் பென்சிலைத் தொட வேண்டாம்

முதல் நாள் பேச்சுக்கு மட்டும். ஒரு குழந்தை என்றால் பத்து நிமிடம். வகுப்பு என்றால் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து ஒருவரை ஒருவர் கேட்கச் செய்யலாம். கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அவருக்கு என்னென்ன சக்தி?’ என்று கேட்டால் பட்டியல்தான் வரும். நான் கேட்பவை வேறு: அவரால் செய்ய முடியாதது எது? அவர் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருப்பது என்ன? அவருடைய சக்தி முழுவதும் போய்விட்டால் அப்போதும் உனக்கு அவரைப் பிடிக்குமா?

இந்தக் கேள்விகள் பலன் தருவதற்குக் காரணம் இருக்கிறது. புகழ்பெற்ற சூப்பர் ஹீரோக்கள் பலருக்குள் ஒரு முரண் இருக்கிறது. 1938-இல் காமிக்ஸில் அறிமுகமான சூப்பர்மேன் பறப்பார். ஆனால் கிரிப்டோனைட் கல் அருகில் வந்தால் துவண்டுபோவார். மற்ற நேரத்தில் அவர் கிளார்க் கென்ட் என்ற பத்திரிகை நிருபர். 1939-இல் வந்த பேட்மேனுக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. ஹல்க்குக்குக் கோபம் வந்தால் பலம் வரும், நிதானம் போய்விடும். தோரின் சுத்தியலைத் தகுதி உள்ளவர்களால்தான் தூக்க முடியும். ‘ஆனால்’ என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கே ஒரு நல்ல பத்தி காத்திருக்கிறது.

பேட்மேனைப் பற்றிய பேச்சு எந்த வகுப்பிலும் ஒரு சண்டையில் போய் முடியும். ‘சக்தியே இல்லாதவர் எப்படி சூப்பர் ஹீரோ ஆவார்?’ என்று ஒரு குழந்தை கேட்கும். அவரைப் பிடித்த குழந்தை முகம் சிவந்து பதில் சொல்லும். அந்தச் சண்டையை நிறுத்தாதீர்கள். ‘சக்தி இல்லாததால்தான் அவர் நிறையப் பயிற்சி செய்கிறார்’ என்று அந்தக் குழந்தை சொன்னதும் அதை அப்படியே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அதுதான் அதன் பத்திக்கு முதல் வாக்கியம்.

குழந்தை சொல்வதை நாம் எழுதிக்கொள்வது முக்கியம். பேசும்போது வினைச்சொற்கள் சுருங்கும், பாதி வாக்கியம் கையசைவில் போய்விடும். அது சொன்ன கருத்தை மாற்றாமல், முழு எழுத்து வடிவத்தில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டுங்கள். ‘நீ சொன்னது இதுதானே?’ என்று கேளுங்கள். பேசுவதற்கும் எழுதுவதற்கும் உள்ள இடைவெளியை இலக்கண விதி சொல்லி விளக்குவதைவிட, தன் வாயிலிருந்து வந்தது தாளில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும்போது குழந்தை விரைவாகப் பிடித்துக்கொள்கிறது.

படம் வரையச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் சூப்பர் ஹீரோ நேராக நின்று நம்மைப் பார்க்கும் படம் வேண்டாம். அப்படி வரைந்த குழந்தை எழுத உட்கார்ந்ததும் உடையின் நிறம், பெல்ட், காலணி என்று மேலிருந்து கீழாக எழுதத் தொடங்கிவிடும். ‘அவர் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் படம் வரை’ என்று சொல்லுங்கள். பாலத்திலிருந்து விழப்போகும் பஸ்ஸைப் பிடித்து நிறுத்தும் படத்தை வரைந்த குழந்தைக்கு, வினைச்சொல் உள்ள வாக்கியம் தானாக வரும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வண்ணம் தீட்டுவது எழுதி முடித்த பிறகு.

எழுதும் நாள்

ஐந்து அல்லது ஆறு வாக்கியங்கள் போதும். முதல் வாக்கியத்தில் யார், ஏன் என்ற இரண்டும் இருக்க வேண்டும். ‘எனக்குப் பிடித்த சூப்பர் ஹீரோ வொண்டர் வுமன்’ என்று நின்றுவிட்டால் அடுத்த வாக்கியம் எங்கே போவது என்று குழந்தைக்குத் தெரியாது. ‘வொண்டர் வுமனிடம் இருக்கும் கயிற்றால் கட்டினால் யாராலும் பொய் சொல்ல முடியாது, அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்’ என்று தொடங்கினால் வழி திறந்துவிடுகிறது. ‘அந்தக் கயிறு உன்னிடம் இருந்தால் யாரைக் கட்டுவாய், என்ன கேட்பாய்?’ என்று ஒரு கேள்வி போடுங்கள். அடுத்த இரண்டு வாக்கியங்கள் வந்துவிடும்.

நான் கரும்பலகையில் எழுதிக் காட்டும் மாதிரி இது. குழந்தைகள் கண் முன்னாலேயே, ஒவ்வொரு வாக்கியமாக, அவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுவேன்:

‘எனக்கு ஸ்பைடர்மேனைப் பிடிக்கும், ஏனென்றால் அவர் தன் ரகசியத்தைக் காப்பாற்றுகிறார். முகமூடியைக் கழற்றினால் அவர் பீட்டர் பார்க்கர் என்ற சாதாரண மாணவர். ஒரு சிலந்தி கடித்ததால் அவருக்குச் சுவரில் ஏறும் சக்தி வந்தது. ஆனால் பலரைக் காப்பாற்றிய பிறகும் “நான்தான் அது” என்று அவர் வகுப்பில் சொல்வதில்லை. நான் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தால் அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். அவரால் மட்டும் எப்படிச் சொல்லாமல் இருக்க முடிகிறது?’

எழுதியதும் ஒரு வேலை செய்வோம். ‘அவர் சிவப்பும் நீலமும் கலந்த உடை அணிவார்’ என்ற வாக்கியத்தை ஓரத்தில் எழுதி, இதை எங்கே சேர்க்கலாம் என்று கேட்பேன். முதலில் எல்லோரும் ஓர் இடம் காட்டுவார்கள். அங்கே சேர்த்துப் படித்ததும் சிலர் முகம் சுளிப்பார்கள். உடை ரகசியத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, முகமூடி சொல்கிறது. அதனால் முகமூடிக்கு இடம் உண்டு, நிறத்துக்கு இல்லை. ஒரு பத்திக்குள் எது தங்கும், எது தங்காது என்பதை இதைவிட எளிதாக விளங்க வைக்கும் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது வாக்கியத்தையும் காட்டுங்கள். அங்கே எழுதுபவரே பத்திக்குள் வந்துவிடுகிறார். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த ஒரு குழந்தையால்தான் அந்த வாக்கியத்தை எழுத முடியும். எழுதி முடித்ததும் மாதிரியை அழித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் எல்லாத் தாளிலும் பீட்டர் பார்க்கர்தான் இருப்பார்.

தமிழில் எழுதும்போது இரண்டு இடங்களில் குழந்தைக்குத் துணை தேவைப்படும். ஒன்று, அவனா அவரா என்பது. முதல் வரியில் ‘பறக்கிறார்’, மூன்றாம் வரியில் ‘அடித்தான்’ என்று வரும். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. நண்பனைப் போல நினைக்கும் குழந்தை ‘அவன்’ என்று எழுதட்டும், மரியாதையாக நினைக்கும் குழந்தை ‘அவர்’ என்று எழுதட்டும். எதை எடுத்தாலும் கடைசி வரை அதுவே வர வேண்டும். வாக்கிய முடிவுகளை மட்டும் விரல் வைத்துப் படிக்கச் சொன்னால் குழந்தையே கண்டுபிடித்துத் திருத்திவிடும். மற்றொன்று, ‘பிறகு’ என்ற சொல். பிறகு வந்தார், பிறகு அடித்தார், பிறகு போனார். ‘ஏனென்றால்’, ‘ஆனால்’, ‘அதனால்’, ‘அப்போது’ ஆகிய நான்கையும் அட்டையில் எழுதி மேசைமேல் வையுங்கள். இரண்டையாவது பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

பெயர்களின் எழுத்தை முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். ‘ஸ்பை’ எழுதத் தெரியாமல் கால் மணி நேரம் திணறும் குழந்தைக்கு, சொல்ல வந்த விஷயம் மறந்துபோகும்.

சில குழந்தைகள், சில தடைகள்

படக்கதை முழுவதையும் எழுதத் தொடங்கும் குழந்தை ஒன்று நிச்சயம் இருக்கும். இரண்டு பக்கம் தாண்டியும் வில்லன் வந்திருக்க மாட்டான். அதைத் தடுக்காமல், ‘இதில் ஒரே ஒரு நிமிடத்தை மட்டும் எனக்குக் காட்டு’ என்று கேளுங்கள். தேர்ந்தெடுத்த அந்த நிமிடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதையே பத்தியாக்கலாம்.

‘எனக்கு யாரையும் பிடிக்காது’ என்று சொல்லும் குழந்தைக்கு உண்மையிலேயே பிடிக்காமல் இருக்கலாம். அதனிடம் சொந்தமாக ஒருவரை உருவாக்கச் சொல்லலாம். ஒரே ஒரு சக்தி, ஒரே ஒரு குறை என்பதுதான் விதி. எல்லாச் சக்தியும் உள்ளவரைப் பற்றி எழுத எதுவும் இருக்காது. ‘என் அம்மாதான் சூப்பர் ஹீரோ’ என்று எழுத விரும்பினாலும் சம்மதியுங்கள். ஆனால் சலுகை வேண்டாம். ‘அம்மா அன்பானவர்’ என்பது ‘அவர் நல்லவர்’ என்பதைப் போல வெறுமையான வாக்கியம். அம்மா ஒரு நாள் என்ன செய்தார் என்பதை எழுதட்டும்.

திருத்துவதில் கஞ்சத்தனம் தேவை. ர, ற குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் வல்லின மிகுதலும் ஒரே நாளில் சரியாகாது. தாள் முழுவதும் சிவப்புக் கோடு போட்டால் குழந்தை அடுத்த முறை தனக்கு எழுத்து நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதும். ‘நல்லவர்’ மீண்டும் வந்துவிடும். நான் ஒரு தாளில் ஒரே வகைப் பிழையை மட்டும் குறிப்பேன். சிறந்த வாக்கியம் ஒன்றின் கீழ் கோடிட்டு, அது ஏன் பிடித்தது என்று ஓரத்தில் எழுதுவேன். ‘நன்று’ என்று மட்டும் எழுதினால் குழந்தைக்கு எதுவும் தெரியாது.

எழுதி முடித்த பத்திகளை வைத்து ஒரு விளையாட்டு ஆடலாம். சூப்பர் ஹீரோவின் பெயர் வரும் இடத்தில் ‘இவர்’ என்று சொல்லி ஒவ்வொரு வாக்கியமாகப் படிக்க வேண்டும். மற்றவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசி வரி வரை யாராலும் சொல்ல முடியவில்லை என்றால், எழுதிய குழந்தையிடமே ‘அவருக்கு மட்டும் உள்ளது எது?’ என்று கேட்டு ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வையுங்கள். அதன் பிறகு நல்ல தாளில் படி எடுத்து, மேலே அந்தப் படத்தை ஒட்டி, இப்போது வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.