இயற்கைக் கல் முற்றம்: கல் வாங்குவது முதல் இடுக்கு நிரப்புவது வரை

வீட்டை ஒட்டி வெளியில் உட்கார ஓர் இடம் அமைக்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலானோர் நேராகக் கல் கடைக்குத்தான் போகிறார்கள். நிறம் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி ஓர் எண்ணம். ஆனால் கல் ஆடுவது, ஒரு பக்கம் இறங்குவது, நடுவில் தண்ணீர் தேங்குவது இதெல்லாம் பெரும்பாலும் கல்லின் குற்றம் இல்லை. அடியில் இருக்கும் ஒரு சாண் ஆழத்தில் செய்த வேலையின் குற்றம். அதனால் இங்கே கல்லைவிடத் தரையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முறையை முடிவு செய்யுங்கள்

கல் பதிக்க இரண்டு வழிகள் உண்டு. சிமெண்ட் கலவை போட்டுப் பதிக்கலாம்; மணல் படுக்கையில் வைக்கலாம். கலவையில் பதித்தால் 2 - 3 செ.மீ. தடிமனுள்ள மெல்லிய கல்லே போதும், இடுக்கில் புல்லும் குறைவாகவே முளைக்கும். ஆனால் கோணலாக இறுகிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மணல் படுக்கைக்கு 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் தடிமன் தேவை. அதற்குப் பதிலாக, ஒரு கல் இறங்கினால் அதை மட்டும் நெம்பி எடுத்து, மணல் போட்டு, திரும்ப வைத்துவிடலாம். முதல்முறை செய்பவருக்கு என் ஓட்டு மணலுக்குத்தான். கீழே வருவதெல்லாம் அந்த முறைக்கானது. ஆட்கள் நடமாடும் இடத்துக்கு இது போதும்; கார் ஏறும் இடத்துக்குப் போதாது.

கல்

கிரானைட் உறுதியானது, தண்ணீரை அதிகம் இழுக்காது. ஆனால் பாலிஷ் போட்ட கிரானைட்டை வெளியே போடாதீர்கள், மழையில் வழுக்கும். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லைக் கேளுங்கள். மணற்கல் காலுக்கு இதமானது, பிடிப்பும் நல்லது. ஆனால் தண்ணீரை உறிஞ்சும் வகை என்றால் நிழலான இடத்தில் பாசி பிடிக்கும். சுண்ணாம்புக்கல்லுக்கும் பளிங்குக்கும் அமிலம் ஆகாது. எலுமிச்சைச் சாறு சிந்தினாலே தடம் விழும். ஸ்லேட் அடுக்கடுக்காக அமைந்த கல். நல்லதாக இருந்தால் பல காலம் உழைக்கும், மட்டமானது ஏடு ஏடாக உரியும்.

கடையிலேயே சின்னச் சோதனைகள் செய்யலாம். கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் பாருங்கள். உடனே உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் கறையும் அப்படித்தான் உள்ளே போகும். கல்லைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் பகுதி என்றால் உறிஞ்சும் கல்லைத் தவிர்ப்பதே நல்லது. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிவடைந்து கல்லை உள்ளிருந்தே பிளக்கும்.

எடையையும் யோசியுங்கள். 60 செ.மீ. சதுரக் கல் 4 செ.மீ. தடிமனில் 35 கிலோவைத் தாண்டும். தனியாக வேலை செய்பவருக்கு 45 செ.மீ. அளவு வசதி, சுமார் 20 கிலோதான் வரும்.

அளவும் வாட்டமும்

4 மீட்டருக்கு 3 மீட்டர் இடம் என்று வைத்துக்கொள்வோம். முளை அடித்து நூல் கட்டுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சரியாக 5 மீட்டர் வந்தால் மூலைகள் சதுரமாக இருக்கின்றன என்று அர்த்தம். பரப்பு 12 சதுர மீட்டர். வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்து 13 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வாங்குங்கள்.

அடுத்தது வாட்டம். தண்ணீர் சுவரை விட்டு வெளியே ஓட வேண்டும். 60-க்கு 1 என்ற கணக்கு நல்லது. அதாவது 3 மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கம். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சுவர் ஓரத்தில் முற்றத்தின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிட 15 செ.மீ.யாவது கீழே இருக்கட்டும். இல்லையென்றால் சுவரில் ஈரம் ஏறும். நூலை இந்த உயரத்துக்கும் வாட்டத்துக்கும் ஏற்பக் கட்டிவிட்டால் பிறகு எல்லா ஆழத்தையும் அந்த நூலிலிருந்தே அளக்கலாம்.

தோண்டி, ஜல்லி நிரப்புவது

கல் 4, மணல் 3, ஜல்லி 10: நூலிலிருந்து மொத்தம் 17 செ.மீ. ஆழம். தோண்டும் முன் அடியில் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று விசாரித்துவிடுங்கள். ஓரக் கான்கிரீட்டுக்காகச் சுற்றிலும் ஒரு சாண் கூடுதலாகத் தோண்ட வேண்டும். 2 கனமீட்டருக்கு மேல் மண் வரும், அதுவும் வெட்டியதும் உப்பும். எங்கே கொட்டுவது என்று முன்பே யோசியுங்கள்.

மேல்மண்ணையும் வேர்களையும் முழுவதும் நீக்கி, அடிமண்ணை இடித்து இறுக்குங்கள். களிமண் என்றால் மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரிப்பது நல்லது. ஜல்லி சேற்றில் புதையாது.

ஜல்லி ஒரே அளவாக இருக்கக் கூடாது. பெரியது, சிறியது, துகள் எல்லாம் கலந்திருந்தால்தான் ஒன்றோடொன்று கோத்து இறுகும். 5 செ.மீ. ஆகப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, அதிர்வு இயந்திரம் வைத்து இறுக்குங்கள். அப்புறம் அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இறுக்கினால் அடிப்பகுதி தளர்வாகவே நிற்கும், அடுத்த மழையில் இறங்கும். இறுகிய பின் 1.2 கனமீட்டர் வேண்டும் என்றால் 1.5 வாங்குங்கள். குதிகாலால் அழுத்தினாலும் தடம் விழாத நிலை வரும் வரை நிறுத்தாதீர்கள்.

வாட்டம் இந்த ஜல்லியிலேயே வந்துவிட வேண்டும். பள்ளத்தை மணலில் சரிக்கட்டலாம் என்று நினைத்தால், மணல் தடிமனாக இருக்கும் இடம் முதலில் இறங்கும்.

மணலும் கல்லும்

3 செ.மீ. விட்டமுள்ள இரண்டு குழாய்களை வாட்டப்படி ஜல்லி மேல் வைத்து, இடையே பருமணல் கொட்டி, நேரான பலகையால் இழுத்துவிடுங்கள். குழாய்களை எடுத்த தடத்தை நிரப்புங்கள். மட்டமாக்கிய மணலை மிதிக்காதீர்கள். வைத்த கல்லின் மேல் நின்று அடுத்ததை வைக்க வேண்டும்.

சுவர் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். நிறம் சீராகக் கலக்க, இரண்டு மூன்று கட்டுகளிலிருந்து மாற்றி மாற்றி எடுங்கள். கல்லை நேராக இறக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். இடைவெளி 8 - 10 மி.மீ. நான்கு மூலைகள் ஓரிடத்தில் சந்திக்காதபடி செங்கல் வரிசை போல மாற்றி வைத்தால் சின்ன அளவுப் பிசகு கண்ணில் படாது. சில கற்களுக்கு ஒரு முறை நீள ரசமட்டம் வைத்து வாட்டம் பாருங்கள். ஆடும் கல்லை அப்போதே எடுத்து அடியில் மணல் சேருங்கள். தட்டியே சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்.

கடைசி வரிசைக்கு வெட்ட வேண்டி வரும். வைரப் பிளேடு, கூடவே தண்ணீர், சரியான முகக்கவசம், கண்ணாடி. கல் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் இதில் சமரசமே வேண்டாம்.

ஓரமும் இடுக்கும்

ஓரம் கட்டாத மணல் படுக்கை மெல்ல விரிந்துவிடும். வெளி ஓரக் கற்களை ஒட்டிச் சரிவாகக் கான்கிரீட் அணை போடுங்கள். மேலே மண் மூடும் அளவுக்குத் தாழ்வாக இருக்கட்டும். அது இறுகும் வரை ஓரத்தில் மிதிக்க வேண்டாம்.

பிறகு, கல் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில், உலர்ந்த மணலைத் துடைப்பத்தால் இடுக்குகளுக்குள் தள்ளுங்கள். முதல் மழைக்குப் பின் அது இறங்கும், இன்னொரு முறை நிரப்புங்கள். பெரிய கற்களின் மேல் அதிர்வு இயந்திரத்தை ஓட்டாதீர்கள், கீறல் விடும்.

சீலர் (கல் கறையை உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) அடிப்பது கட்டாயமில்லை. எண்ணெய்க் கறை படக்கூடிய இடத்தில் உறிஞ்சும் கல் என்றால் மட்டும், கல் முழுக்கக் காய்ந்த பின், முதலில் ஒரு மிச்சக் கல்லில் அடித்து நிறம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள். வெள்ளை உப்பு பூத்தால் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டிவிடலாம். ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் போட்டிருந்தால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.