கிங் கிரிம்சனைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு நிற்காது. மூன்றாவதாக ஒருவர் வந்து, "நான் இன்னும் கேட்டதில்லை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்கும்போதுதான் சிக்கல். எந்த வருடம், எந்த ஆல்பம், யார் எப்போது விலகினார், யார் யாரைப் பார்த்துக் கற்றார் என்று அரை மணி நேரம் பேசுவோம். வந்தவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒரு பாட்டுகூட ஒலித்திருக்காது. பல வருடங்களாக இந்த இசையைக் கேட்டு வருகிறேன். எங்கள் பேச்சில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் முளைக்கின்றன என்று நினைக்கிறேன்: காதில் விழுவதைப் பேசுவதற்கு முன்பே பெயரையும் பெருமையையும் பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

"முதல் புரோக்ரசிவ் ராக் ஆல்பம் இதுதான்" என்ற பேச்சையே எடுத்துக்கொள்வோம். செவ்வியல், ஜாஸ் போன்ற இசைகளைக் கலந்து வளர்ந்த ராக் வகைதான் புரோக்ரசிவ் ராக். குழுவின் முதல் ஆல்பமான 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' 1969 அக்டோபர் 10 அன்று வெளியானது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1967இல், மூடி புளூஸ் குழுவினர் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' கொடுத்துவிட்டார்கள். தி நைஸும் புரோக்கல் ஹாரமும் மேற்கத்திய செவ்வியல் இசையை ராக்கோடு கலந்துகொண்டிருந்தார்கள். ஆக, முதலிடத்துக்காக வாதாடினால் எதிரே இருப்பவர் சுலபமாக மறுத்துவிடுவார். வாதாடவும் தேவையில்லை. அந்த ஆல்பத்தில் புதிதாக இருந்தது வேறு. முதல் பாட்டான 'ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்' பாட்டின் நடுப்பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். கிதார், சாக்ஸ், பேஸ், டிரம்ஸ் நான்கும் தலைதெறிக்கும் வேகத்தில் சேர்ந்து ஓடி, சேர்ந்து நின்று, மறுபடி சேர்ந்து ஓடும். ஜாஸ் வாசிப்பவர்களின் கட்டுப்பாடும் ராக்கின் முரட்டுத்தனமும் ஒரே மூச்சில் வரும். அதைக் கேட்ட ஒருவரிடம் வருடக் கணக்கு சொல்ல வேண்டியிருக்காது.

அதே பாட்டைச் சுற்றி இன்னொரு தவறான புரிதலும் உண்டு. குழுவின் பெயரில் ராஜா இருக்கிறார், ஆல்பத்தின் அட்டையில் அலறும் முகம் இருக்கிறது, அதனால் இது மாயாஜாலக் கதை சொல்லும் இசை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பீட்டர் சின்ஃபீல்ட் எழுதிய அந்த வரிகளில் நேபாம் குண்டின் தீ எரிகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மேடையில் குழுவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் இந்தப் பாட்டை அமெரிக்காவின் அன்றைய துணை ஜனாதிபதி ஸ்பைரோ அக்னியூவுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அப்புறம் அந்த அட்டை முகம். அதைக் கிரிம்சன் ராஜா என்று சொல்லாத ரசிகரே குறைவு. ஃபிரிப் சொன்ன கணக்குப்படி வெளியே அலறுபவர் ஸ்கிட்சாய்ட் மேன். அட்டையைத் திறந்தால் உள்ளே இருக்கும் முகம்தான் ராஜா. வரைந்தவர் பாரி காட்பர் என்ற இளைஞர். ஆல்பம் வெளியாகி நான்கே மாதத்தில், 1970 பிப்ரவரியில், 24 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். அவர் வரைந்த ஒரே ஆல்பம் அட்டை இதுதான்.

மெலோட்ரான் என்ற கீபோர்டைப் பற்றிய தவறும் இதே ரகம். "மெலோட்ரானைக் கொண்டுவந்தவர்கள் கிரிம்சன்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மூடி புளூஸின் மைக் பிண்டர் அதை முன்பே வாசித்திருக்கிறார். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்' பாட்டு தொடங்குவதே அந்த ஒலியில்தான். அந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்று சொன்னால், குழுவில் அதை வாசித்த இயன் மெக்டொனால்ட் அதில் என்ன செய்தார் என்பது புரியும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கும். அதில் வயலினோ புல்லாங்குழலோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் எட்டு விநாடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே சுருதி ஆடும். முதல் ஆல்பத்தின் 'எபிடாஃப்' பாட்டில் அந்த ஆட்டம் கேட்கிறது. நிஜ வயலின்கள் இவ்வளவு கலக்கத்தைக் கொடுத்திருக்காது. நாடாவுக்குள் அடைபட்ட வயலின்கள் என்பதால்தான் அந்தப் பாட்டு அப்படிக் கனக்கிறது.

முதல் ஆல்பத்தோடு நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. அதை உருவாக்கிய ஐந்து பேரும் சேர்ந்திருந்தது ஒரு வருடம்கூட இல்லை. 1969 ஜனவரியில் லண்டனில் ஒத்திகை ஆரம்பித்தது. ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னால், லட்சக்கணக்கான பேர் முன் வாசித்தார்கள். டிசம்பரில் அமெரிக்கப் பயணத்தின்போது மெக்டொனால்டும் டிரம்மர் மைக்கேல் ஜைல்ஸும் விலக முடிவெடுத்துவிட்டார்கள். பாடகர் கிரெக் லேக் அடுத்த வருடம் எமர்சன், லேக் அண்ட் பாமருக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் நடந்ததெல்லாம் வேறு வேறு குழுக்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். 1973இல் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' வாசித்தவர்களுக்கும் 1981இல் 'டிசிப்ளின்' வாசித்தவர்களுக்கும் பொதுவாக இருந்தவர்கள் ஃபிரிப்பும் டிரம்மர் பில் புரூஃபோர்டும் மட்டுமே. 1994இல் இரண்டு கிதார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ் என்று ஆறு பேர் வந்தார்கள். 2014இல் மூன்று டிரம்மர்கள் மேடையின் முன்வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். "எனக்கு கிரிம்சன் பிடிக்காது" என்று யாராவது சொன்னால் கோபப்படாமல், எந்த வருடத்துக் கிரிம்சன் என்று கேளுங்கள்.

எல்லா அணியிலும் இருந்தவர் ஃபிரிப் மட்டும்தான். அதனால் "கிங் கிரிம்சன் என்றால் ஃபிரிப், மற்றவர்கள் அவர் வைத்த ஆட்கள்" என்று பேசுவது சுலபம். சுலபமாக இருப்பதால்தான் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் ஆல்பத்தின் 'ஐ டாக் டு தி விண்ட்', தலைப்புப் பாட்டு இரண்டுக்கும் இசை மெக்டொனால்டுடையது. அவரும் ஜைல்ஸும் கிளம்பியபோது, நீங்கள் இருந்தால் நான் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னவர் ஃபிரிப். 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' என்ற தலைப்பைக் கொடுத்தவர் ஜேமி மியூர் என்ற தாளக்காரர். ஒரே ஆல்பத்தோடு குழுவைவிட்டு ஸ்காட்லாந்தில் ஒரு புத்த மடத்துக்குப் போய்விட்டார். ஆனால் மேடையில் என்னவெல்லாம் செய்யலாம் என்று அவரிடம் பார்த்தது புரூஃபோர்டின் வாசிப்பையே மாற்றியது.

புரூஃபோர்டைப் பற்றிச் சொல்லும்போது 'ட்ரியோ'வை விட முடியாது. 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் மேடையிலேயே உருவான இசை அது. வயலின், மெலோட்ரான், பேஸ் மூன்றும் மெதுவாக ஒன்றையொன்று தேடிப் போகின்றன. புரூஃபோர்ட் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு குச்சிகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு காத்திருந்தார். எப்போது சேரலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிவரை ஒரு அடிகூட அடிக்கவில்லை. ஆல்பம் வெளியானபோது அந்த இசையை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் போடப்பட்டது, வாசிக்காமல் இருந்ததற்காக. இந்தக் குழுவைப் பற்றி ஒருவருக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல வாய்ப்பு கிடைத்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

'ட்ரியோ' இருக்கும் 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஆல்பத்தை ஸ்டுடியோ ஆல்பம் என்று நினைத்துக் கேட்பதும் பொதுவான தவறு. பெரும்பகுதி கச்சேரிப் பதிவுதான். கூட்டத்தின் சத்தத்தை நீக்கிவிட்டார்கள். இது தெரிந்து கேட்டால், "ஏன் இங்கே தடுமாறுகிறார்கள்" என்று தோன்றிய இடங்கள் வேறு மாதிரி கேட்கும். அடுத்து என்ன என்று அவர்களுக்கே தெரியாத நேரம் அது.

இன்னொரு குழப்பம்: 'ஸ்டார்லெஸ்' என்ற பாட்டு அந்த ஆல்பத்தில் இல்லை. அடுத்து வந்த 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. டிலன் தாமஸின் நாடகத்திலிருந்து எடுத்த அதே சொற்றொடர்தான் இரண்டு பெயருக்கும் மூலம், அதனால் தேடுபவர்கள் தவறான ஆல்பத்தைப் போட்டுவிட்டுப் பாட்டைக் காணோம் என்பார்கள்.

'ஸ்டார்லெஸ்' பற்றிப் பேச ஆரம்பித்தால் ரசிகர்கள் உடனே "நடுவில் பதின்மூன்று தெரியுமா" என்பார்கள். ஆமாம், நடுப்பகுதி 13 எண்ணிக்கையில் ஓடுகிறது. எனக்கும் ஆரம்பத்தில் அதை விரலில் எண்ணுவதில் சந்தோஷம் இருந்தது. நம்மில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமும் இல்லை. ஆனால் எண்ணிக்கொண்டே இருந்தால் அங்கே நடப்பது தவறிப்போகும். முதல் நான்கு நிமிடங்களுக்கு மேல் அப்போதைய பாடகர் ஜான் வெட்டன் ஒரு சோகப் பாட்டைப் பாடி முடிக்கிறார். பிறகு எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் ஒரே நடையில் சுற்றி வருகிறது. அதன் மேல் ஃபிரிப் ஒரு சுரத்தை வாசிக்கிறார். திரும்ப அதே சுரம். திரும்பவும். இவ்வளவு தெரிந்த கிதார் கலைஞர், சோலோ வர வேண்டிய இடத்தில், ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் கழித்து சுருதி ஒரு படி ஏறுகிறது. புரூஃபோர்ட் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டி, பிறகு நெருக்கமாக வாசிக்க ஆரம்பிக்கிறார். பேஸ் உறும ஆரம்பிக்கிறது. இப்படியே நான்கு நிமிடத்துக்கு மேல். எப்போது உடையும் என்று கேட்பவருக்கு நெஞ்சு இறுகிவிடும். உடைந்த பிறகு வரும் வேகமும், அதற்குப் பிறகு தொடக்கத்தில் கேட்ட மெட்டு முழு பலத்தோடு திரும்பி வருவதும் அந்தக் காத்திருப்பால்தான் அப்படி விழுகின்றன. ஒற்றைப்படைத் தாளம் இதில் ஒரு வேலையைச் செய்கிறது: காலை ஊன்றவிடாமல் வைத்திருக்கிறது. அதற்கு மேல் அதற்குத் தனிப் பெருமை இல்லை.

'ரெட்' வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1974 செப்டம்பரில், ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார். 1981இல் திரும்ப வந்தபோது மெலோட்ரான் இல்லை, வயலின் இல்லை. எழுபதுகளின் ரசிகர்களில் சிலர் இன்றும் "அது கிரிம்சனே இல்லை" என்கிறார்கள். அந்த அணிக்கே முதலில் டிசிப்ளின் என்றுதான் பெயர், கிங் கிரிம்சன் என்ற பெயர் பிறகுதான் திரும்பியது. எனவே பழைய ஒலியைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். புதிதாக வந்த ஏட்ரியன் பிலூவும் ஃபிரிப்பும் வாசிக்கும் இரண்டு கிதார்களில் எது முன்னணி, எது பக்கவாத்தியம் என்று பிரிக்க முடியாது. இந்தோனேசியாவின் கேமலான் இசையில் பல கருவிகளின் சின்னச் சின்ன அடிகள் பின்னிக்கொண்டு ஒரே ஓட்டமாவது போல இங்கே இரண்டு கிதார்கள் பின்னுகின்றன. 'ஃபிரேம் பை ஃபிரேம்' பாட்டில் இருவரும் ஏழு ஏழாகச் சேர்ந்து ஆரம்பிப்பார்கள். பிறகு ஒருவர் இரண்டு ஏழு சேர்ந்த 14இல் ஒரு சுரத்தைக் குறைத்து 13 ஆக்கிக்கொள்வார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் விலகிப் போவது தெளிவாகக் கேட்கும். ஹெட்போனில் கேட்டால் இடது காதுக்கும் வலது காதுக்கும் நடுவே அது நகர்வது தெரியும்.

செல்வாக்கு பற்றிய பேச்சில்தான் ரசிகர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கனமான கிதார் எங்கே கேட்டாலும் "இது கிரிம்சனிலிருந்து வந்தது" என்று சொல்லிவிடுகிறோம். உறுதியாகச் சொல்லக்கூடியவையே போதுமான அளவு உண்டு. 2001இல் டூல் என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரிகளில் கிரிம்சன் முன்னால் வாசித்தார்கள். 2010இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 'பவர்' பாட்டில் ஸ்கிட்சாய்ட் மேனின் துண்டை எடுத்துக்கொண்டார். டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டில் நீண்டு அழும் கிதார் ஃபிரிப்புடையது. ஆனால் என் பார்வையில் இந்தக் குழுவின் செல்வாக்கு அதிகம் பரவியது விலகிப் போனவர்கள் வழியாகத்தான். லேக் எமர்சன், லேக் அண்ட் பாமரைத் தொடங்கினார். மெக்டொனால்ட் ஃபாரினரைத் தொடங்கியவர்களில் ஒருவர். பாடகராக வந்து ஃபிரிப்பிடம் பேஸ் கற்றுக்கொண்ட பாஸ் பரல் பேட் கம்பெனிக்குப் போனார். வெட்டன் ஏஷியாவில் பாடினார். வானொலியில் ஓயாமல் ஒலித்த குழுக்கள் பல, இங்கே கொஞ்ச காலம் கஷ்டமான இசையை வாசித்துவிட்டுப் போனவர்களால் நடந்திருக்கின்றன.

கேட்கும் முறையிலும் ஒரு தவறு உண்டு. போன் ஸ்பீக்கரில், வேறு பாட்டுகளோடு கலந்து ஓடவிட்டால் இந்த இசை மனதில் நிற்காது. 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' முதல் பாகம் கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்க எம்பிராவின் சன்னமான ஒலியில் தொடங்குகிறது. சத்தம் போதவில்லை என்று கூட்டிவைப்போம், சில நிமிடத்தில் கிதார் வந்து காதைப் பிளக்கும். அந்த இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. முதலிலேயே ஒரு அளவு வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

சரி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? முதல் ஆல்பத்தை முழுதாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'மூன்சைல்ட்' 12 நிமிடம் ஓடும். பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும், மீதியெல்லாம் மெல்லிய தேடல். என் நண்பர் ஒருவர் அங்கேதான் எழுந்து போனார். அவருக்கு ஒரு மாதம் கழித்து 'ஸ்டார்லெஸ்' மட்டும் போட்டேன். இரவு, விளக்கை அணைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல். ஒற்றைச் சுரம் ஆரம்பித்தபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. முடிந்ததும், "அந்த நடுவில வந்ததை மறுபடி போடுங்க" என்றார்.