லிப்ரே ஆஃபிஸில் தமிழ் மெனு திரும்பி வந்த கதை

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கணினியில் ஓடுவது டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளம். அதன் மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பது லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் 7.4 பதிப்புதான். புதிய வெளியீடு வேண்டும் என்று பிளாட்பேக் என்ற மென்பொருள் நிறுவும் கருவி வழியாக நிறுவினேன். வேகம் அருமை, ஆனால் அம்மா பழகிய தமிழ் மெனுக்கள் இல்லை! விருப்பங்களில் தேடினால் தமிழே பட்டியலில் வரவில்லை.

அப்புறம்தான் பிடிபட்டது. பிளாட்பேக் எல்லா மொழிகளையும் இறக்காது. கணினியின் மொழிக்கு உரியதை மட்டும் எடுக்கும். என்னுடையது ஆங்கிலம். 'பிளாட்பேக் கன்ஃபிக்' கட்டளையில் மொழிகளாக 'இ-என்' (ஆங்கிலம்), 'டி-ஏ' (தமிழ்) இரண்டையும் அரைப்புள்ளியால் பிரித்துக் கொடுத்தேன். மேற்கோள் குறிக்குள் இடுவது முக்கியம், இல்லையென்றால் முனையம் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) அரைப்புள்ளியோடு கட்டளையை முடித்துவிடும். பிறகு 'பிளாட்பேக் அப்டேட்'. தமிழ் வந்தது, விருப்பங்களில் தேர்ந்தெடுத்தேன். அம்மா அன்றைக்கே கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டார்.