அமெரிக்காவில் மாசுபட்ட பழைய சொத்தை வாங்குகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

மூடிக் கிடக்கும் டிரை கிளீனிங் கடை, முலாம் பூசும் பட்டறை, ஓடாத ஆலை. இப்படிப்பட்ட இடங்களை அங்கே 'பிரவுன்ஃபீல்டு' என்பார்கள். விலை மலிவுதான். ஆனால் 1980-ல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, நச்சைக் கொட்டியது யாராக இருந்தாலும் சுத்தம் செய்யும் செலவு இன்றைய உரிமையாளர் தலையில் விழலாம்.

1. கையெழுத்துக்கு முன் விசாரணை

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 'ஃபேஸ் ஒன்' ஆய்வில் யாரும் மண்ணைத் தோண்டுவதில்லை. பழைய தீக்காப்பீட்டு வரைபடங்கள், அரசுப் பதிவுகள், முன்னாள் உரிமையாளர்களின் பேச்சு, இடத்தை நேரில் சுற்றிப் பார்ப்பது, அவ்வளவுதான். சுவரோரம் எதனோடும் சேராமல் ஒரு மெல்லிய குழாய் மேலே போகிறதா? கீழே எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கலாம்.

வாங்கும் நாளுக்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்த ஆய்வு முடிந்திருக்க வேண்டும். நேரடிப் பார்வை, நேர்காணல், பதிவுத் தேடல் போன்றவை 180 நாளுக்குள். பழைய மாசின் செலவு வாங்குபவர் தலையில் விழாமல் இருக்க 2002-ம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு இதைப் பொறுத்தது. வாங்கிய பிறகு செய்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

2. மண்ணும் நீரும்

சந்தேகம் வந்தால் 'ஃபேஸ் டூ': மண், நிலத்தடி நீர் மாதிரிகள். டிரை கிளீனிங் கடையென்றால் தரைக்கு அடியிலுள்ள காற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே பயன்படுத்தும் 'பெர்க்' என்ற கரைப்பான் கான்கிரீட்டைத் தாண்டி இறங்கும். பிறகு ஆவியாகிக் கட்டடத்துக்குள் ஏறும்.

3. மாநிலத் திட்டத்தில் சேருங்கள்

மாசு இருப்பது தெரிந்தால், மாநில விதிப்படி தாமாக முன்வந்து சுத்தம் செய்யும் திட்டங்கள் உண்டு. பென்சில்வேனியாவில் 1995-ம் ஆண்டின் 'ஆக்ட் 2' சட்டம், ஒஹாயோவில் தன்னார்வ நடவடிக்கைத் திட்டம் என்று மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் விதியும் மாறும். நியூயார்க்கில் வரிச் சலுகையும் உண்டு. நியூஜெர்சியில் உரிமம் பெற்ற நிபுணரே பெரும்பாலான வேலையை மேற்பார்த்து முடித்துவைக்கிறார். விண்ணப்பிக்கும் முன் மாநில அலுவலகத்தில் ஒருமுறை பேசிவிடுங்கள்.

4. என்ன கட்டப் போகிறீர்கள்?

வீடு என்றால் சுத்தம் செய்ய வேண்டிய அளவுகோல் கடுமை. கிடங்கு என்றால் கொஞ்சம் தளர்வு. நச்சு மண்ணை முழுக்க அள்ளாமல் மேலே தார்த்தளம் போட்டு மூடவும் அனுமதிப்பார்கள். அப்புறம் பத்திரத்தில் ஒரு நிபந்தனை ஏறும்: கிணறு வெட்டக்கூடாது, தளத்தை உடைக்கக்கூடாது என்பது போல.

5. பணம்

மத்திய சுற்றுச்சூழல் முகமையின் மானியங்கள் பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும்தான். தனியார் என்றால் நகர நிர்வாகத்திடம் கடன் திட்டம் உண்டா என்று கேளுங்கள்.

6. முடிவுக் கடிதம்

சுத்தம் செய்து முடித்தபின் மாநிலத் திட்டத்தின் கீழ் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று கடிதம் வந்ததும் நிபந்தனைப் பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள். தளத்தில் விரிசல் விழுகிறதா என்று அவ்வப்போது பார்த்து அறிக்கை தரும் பொறுப்பு அதில் இருக்கலாம். கிடங்கை நாளை வீடாக மாற்ற நினைத்தால் பழைய கடிதம் போதாது. மறுபடி அலுவலகம் ஏற வேண்டும்.