மர்மப் படத்துக்குக் களம் அமைப்பது எப்படி? புதிதாகத் திரைக்கதை எழுதுபவர்களுக்கு

மர்மக் கதை எழுத உட்காருபவர்கள் பலரும் யார் கொன்றது, ஏன் கொன்றது என்று முடிவு செய்துவிட்டு, கடைசியில்தான் எங்கே நடக்கிறது என்று யோசிக்கிறார்கள். நான் இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். யார் கண்ணில் எது படும், யார் காதில் எது விழாது என்பதெல்லாம் இடத்தைப் பொறுத்த விஷயம்.

படி 1: வீட்டை வரையுங்கள்

கதவு, ஜன்னல், மாடிப்படி, ஸ்விட்ச் போர்டு எல்லாம் தாளில் வரட்டும். கொலை நடக்கும் நேரத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து பார்வை போகும் திசையில் கோடு இழுங்கள். சுவரில் முட்டி நிற்கும் கோட்டைக் கவனியுங்கள். "நான் பார்த்தேன்" என்று ஒரு சாட்சி சொல்லும் பொய் அங்கேதான் மாட்டும்.

படி 2: வானிலைக்கு வேலை கொடுங்கள்

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ (1954) படம் கடும் கோடையில் நடக்கிறது. புழுக்கம் தாங்காமல் அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. கால் உடைந்து சக்கர நாற்காலியில் முடங்கிய புகைப்படக்காரரால் எதிர்வீடுகளுக்குள் பார்க்க முடிவது அதனால்தான். இதையே குளிர்காலத்தில் வைத்துப் பாருங்கள், ஜன்னல்கள் சாத்தியிருக்கும், கதை கிளம்பவே கிளம்பாது. அந்தக் குடியிருப்பை பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்குள் செட்டாகவே போட்டார்கள். கேமராவும் பெரும்பாலும் அவர் அறையை விட்டு நகராது. அவர் தூங்கும்போது மட்டும் அவருக்குத் தெரியாத ஒன்றை நமக்குக் காட்டுவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடம் சிலிர்க்கும்.

படி 3: துப்பை அன்றாடப் பொருளில் ஒளித்து வையுங்கள்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வீட்டுக்காரர் மோட்டாரைப் போடுகிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், சரியாக 20 நிமிடத்தில் வந்து நிறுத்துகிறார். ஒரு சொட்டு வழிய விடமாட்டார். பார்ப்பவர்கள் அதை அவருடைய சுபாவம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் அந்த வீட்டுக்காரர் கொலையாகிறார். விசாரணையில் பக்கத்து வீட்டுப் பெண், "10.30 மணிக்குத் தொட்டி வழிந்துகொண்டிருந்தது, தூக்கமே போச்சு" என்று அலுத்துக்கொள்கிறார். சந்தேகத்துக்குரியவரோ, "10.45க்கு நான் கிளம்பும்போது அவர் நன்றாகத்தான் இருந்தார்" என்று சொல்லியிருக்கிறார். நன்றாக இருந்தவர் ஏன் மோட்டாரை நிறுத்த எழுந்து வரவில்லை? துப்பறிபவர் கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வி திரையரங்கில் யாராவது ஒருவருக்குத் தோன்றிவிடும். மர்மப் படம் எழுதுவதில் எனக்குப் பிடித்த சந்தோஷம் அது.

படி 4: அதே இடத்துக்குத் திரும்புங்கள்

உண்மை தெரிந்த பிறகு அந்த மோட்டார் ஸ்விட்சை முதலில் காட்டிய அதே கோணத்தில் இன்னொரு முறை காட்டுங்கள். வசனம் வேண்டாம்.

படி 5: இடத்தை மாற்றிச் சோதியுங்கள்

எழுதி முடித்ததும் மொத்தக் கதையையும் மனதுக்குள் ஒரு ரயிலுக்கோ விடுதிக்கோ மாற்றிப் பாருங்கள். நாலைந்து காட்சிகளாவது அங்கே நடக்க முடியாமல் உடைய வேண்டும். ஒன்றுகூட உடையவில்லையென்றால், படி 1இல் வரைந்த தாளை மறுபடி எடுத்து விரியுங்கள்.