மரம் காயுதா? வண்டா, நோயான்னு எப்படி கண்டுபிடிக்கிறது

பட்டைல ஓட்டை இருக்கு, உள்ள வண்டு இருக்கு, அப்போ வண்டுதான் மரத்தைக் கொன்னுச்சுன்னு மருந்தை எடுத்துட்டு கிளம்பிடாதீங்க. நிறைய வண்டுங்க ஏற்கெனவே நொந்துபோன மரத்தைத் தேடித்தான் வரும், வேர்ல தண்ணி தேங்கி மூச்சு முட்டுற மரம் எத்தனால்ங்கற ஆல்கஹால் வாடை விடும், மரத்தைக் குடைஞ்சு உள்ள பூஞ்சை வளர்த்துத் தின்னுற குட்டி அம்ப்ரோசியா வண்டுக்கு அந்த வாடையே போதும், மோப்பம் புடிச்சு வந்துடும். அதனால யாரு முதல்ல வந்தாங்கறதுதான் கேள்வியே.

முதல்ல கத்தியை எடுக்காம தள்ளி நின்னு பாருங்க. ஒரே ஜாதி மரம் மட்டும் காயுதா, இல்ல பக்கத்துல இருக்கிற வேற வேற ஜாதி மரமும் சேர்ந்து காயுதா? எல்லாமே காயுதுன்னா பூச்சி, நோய் மேல சந்தேகத்தைக் குறைச்சுட்டு மண்ணு, தண்ணி, களைக்கொல்லி பக்கம் போங்க. ஒரு கிளை மட்டும் திடீர்னு வாடி இலை உதிராம அப்படியே தொங்குதுன்னா, தண்ணி ஏத்துற குழாய்ல ஏதோ அடைச்சிருக்கு, பெரும்பாலும் பூஞ்சையா இருக்கும். மொத்த தலையும் மெதுவா மெலிஞ்சுட்டே வருதுன்னா வேரைத் தோண்டிப் பாருங்க.

அடுத்து ஓட்டை. குண்டூசி குத்தின அளவுல நிறைய இருந்தா பட்டை வண்டு இல்லாட்டி அம்ப்ரோசியா. விரல் நுழையுற மாதிரி வட்டமா இருந்தா நீள்கொம்பு வண்டு ரகம். ஒரு பக்கம் தட்டையா, அரைவட்டமா 3-4 மில்லிமீட்டர்ல இருந்தா அது மரகத ஆஷ் துளைப்பான் (ஆஷ்ங்கற மரத்தைத் துளைக்கிற பச்சை வண்டு) மாதிரி உலோகப் பளபளப்பு வண்டுங்களோடது. ஓட்டைக்கு வெளிய வர்ற தூளையும் பாருங்க, இதை யாரும் பாக்கறதில்ல. அம்ப்ரோசியா உள்ள குடையும்போது தூள் சிதறாம கெட்டியா பல்குச்சி மாதிரி வெளிய நீட்டிட்டு நிக்கும், காத்தோ மழையோ பட்டா உதிர்ந்துடும், அதனால பாத்த உடனே போட்டோ எடுத்துடுங்க.

இப்போ பட்டையை கொஞ்சம் உரிங்க, ஆனா உயிரோட இருக்கிற இடமும் செத்த இடமும் சந்திக்கிற எல்லைல. உள்ள செதுக்கின மாதிரி சுரங்கம் இருந்தா அதோட வடிவத்தைப் படம் எடுங்க, அதை வச்சே இனத்தை ஓரளவு சொல்லிடலாம். அடிமரத்துல பட்டைக்குக் கீழ வெள்ளைப் படலம் விசிறி வடிவுல ஒட்டிட்டு காளான் வாசனை அடிச்சா ஆர்மில்லேரியாங்கற பூஞ்சையால வர்ற வேர் அழுகலா இருக்க வாய்ப்பு அதிகம். வாடின கிளையைக் குறுக்கே வெட்டினா வெளி வளையத்துல பழுப்புப் புள்ளி புள்ளியா தெரியுதான்னும் பாருங்க, குளிர் நாடுகள்ல வளர்ற எல்ம் மரத்துக்கு வர்ற டச்சு எல்ம் நோய்ங்கற பூஞ்சை வாடல்ல இப்படித்தான் தெரியும்.

சாம்பிள் எடுக்கிறதுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. முழுசா செத்த கட்டையை அனுப்பினா லேப்ல பின்னாடி குடியேறின அழுகல் பூஞ்சைங்கதான் வளரும், உண்மையான ஆள் அதுல காணாமப் போயிருப்பான், அதனால மறுபடியும் அந்த எல்லைத் துண்டுதான் வேணும். பிளாஸ்டிக் கவர்ல போட்டா வேர்த்து பூசணம் புடிச்சிடும், பேப்பர் கவர்ல போட்டு வெயில் படாம சீக்கிரம் அனுப்புங்க. புழுவை வெந்நீர்ல ஒரு தடவை முக்கிட்டு 70 சதவீத ஆல்கஹால்ல போடுங்க, இல்லன்னா கருத்துப் போயிடும். கத்தியையும் ஒவ்வொரு மரத்துக்கும் நடுவுல அதே ஆல்கஹால்ல துடைங்க, நோயைப் பரப்புற ஆள் நீங்களா ஆகிடக் கூடாது.

லேப்ல பூஞ்சை வளர்ந்துடுச்சுன்னா உடனே அதுதான் குற்றவாளின்னு எழுதிட முடியாது. பிரிச்செடுத்து, நல்ல கன்னுல செலுத்தி, அதே நோய் வந்து, அதுல இருந்து அதே பூஞ்சை திரும்பக் கிடைக்கணும். 1922ல நெதர்லாந்துல பியா ஷ்வார்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் இந்த எல்ம் நோய்க்கு ஒரு பூஞ்சைதான் காரணம்னு சொன்னப்போ நிறைய பேர் நம்பல, வறட்சின்னாங்க, முதல் உலகப்போர் விஷவாயுன்னு கூட சொன்னாங்க, அப்புறம் கிறிஸ்டின் பவுஸ்மன்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளர் அந்தச் சோதனையை மறுபடி செஞ்சு நிரூபிச்சாங்க. பூஞ்சையைத் தூக்கிட்டுப் போறது பட்டை வண்டுன்னு தெரிஞ்சப்புறம்தான் முழுக்கதையும் கூடி வந்துச்சு, ஆக அங்க ரெண்டு பேருமே கூட்டாளி. இதுக்கு நேர் எதிரா அமெரிக்காவுல டெட்ராய்ட் பக்கம் ஆஷ் மரம் செத்தப்போ ஆஷ் யெல்லோஸ்ங்கற நோய்னு நினைச்சாங்க, 2002லதான் மேல சொன்ன மரகத ஆஷ் துளைப்பான் வண்டுன்னு அடையாளம் கண்டாங்க, அதுக்குள்ள அது பல வருஷமா பரவிட்டு இருந்திருக்கு.

பதில் வர்ற வரைக்கும் வெட்டின கட்டையை விறகுக்குன்னு வேற ஊருக்கு ஏத்திடாதீங்க, பட்டைக்குள்ள புழு பயணம் போயிடும். ஏற்றுமதி மரப்பெட்டிக்கு சர்வதேச விதில நடுக்கட்டை வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ்ல 30 நிமிஷம் சூடு ஏத்தச் சொல்றதும் இதுக்காகத்தான், வெயில்ல காய வைக்கிறதெல்லாம் அந்தக் கணக்குல வராது.